நாலு மணிச் சங்குக்குப் பிறகு விழுந்த பந்து

பிராக்டிஸ் முடிந்ததும் பையன்கள் போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். வெளிநாட்டுக் காலேஜ் பாஸ்கெட்பால் மேட்ச். கடைசி செகண்டில் ஒருவன் பாதிக் கோட்டுக்குப் பின்னால் இருந்து பந்தை எறிகிறான். அது ரிங்கில் விழுகிறது. கூட்டம் கோர்ட்டுக்குள் ஓடிவருகிறது. இது எத்தனையோ வருஷத்துக்கு முந்திய ஷாட், இன்னும் இதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்லுவார்கள். அடுத்தது, அதற்கடுத்தது என்று தள்ளிக்கொண்டே இருப்பார்கள்.

எனக்கு எரிச்சல்தான் வரும். அந்தப் பந்துகளையெல்லாம் பாயிண்டில் சேர்த்தார்கள். சேர்த்ததால் பேசுகிறார்கள்.

அதைவிட நல்ல பந்து ஒன்றை நான் இதே கோர்ட்டில் பார்த்திருக்கிறேன். எறிந்தது ஒரு பெண். யாரும் படம் எடுக்கவில்லை. அவள் பேரை எழுத மாட்டேன். எழுத எனக்கு உரிமை இல்லை.

நான் ராஜபாளையத்தில் ஒரு காலேஜில் கிரவுண்டு பார்க்கிறவன். எட்டாவதோடு நின்றுவிட்டேன். கூட்டுவது, கோடு போடுவது, மேட்ச் அன்றைக்கு டேபிளில் உட்கார்ந்து ஸ்கோர் அட்டை திருப்புவது, இதுதான் வேலை. அவள் வந்தபோது எனக்குத் தினக்கூலி.

அவளுக்குத் தளவாய்புரம். அப்பா இல்லை. அம்மா நைட்டி தைப்பார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கொடுத்தார்கள். முதல் வருஷம் ஃபீஸ் கிடையாது. மிச்ச வருஷமும் கிடையாது என்றால் டீம் பக்கத்து மாவட்டக் காலேஜ்களோடு மோதுகிற ஸோன் போட்டியில் ஜெயிக்க வேண்டும். தோற்றால் மற்றவர்களைப் போலக் கட்ட வேண்டும். அவள் வீட்டில் அதற்கு வழி கிடையாது. தோற்றால் படிப்பு முடிந்தது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆபீஸுக்கும் தெரியும்.

ஆள் குட்டை. உள்ளே போனால் நெட்டைப் பெண்கள் முழங்கையால் இடிப்பார்கள். அதனால் உள்ளே போகவே மாட்டாள். தூரத்தில் இருந்துதான் எல்லாம். தலைமுடியை பேண்டேஜ் துணியைக் கிழித்துக் கட்டியிருப்பாள். பந்து கைக்கு வந்ததும் உதடு அசையும். செகண்ட் எண்ணுவாள். எறிந்த பிறகு பந்தைப் பார்க்க மாட்டாள், தன் காலைப் பார்ப்பாள்.

அவள் முதலில் சண்டை போட்டது என்னோடுதான். வந்த இரண்டாம் நாள் காலையில் மூன்று பாயிண்ட் கோட்டின் மேல் நின்றுகொண்டு, கோடு ஒரு சாண் உள்ளே இருக்கிறது என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. நாலு வருஷமாக நான் போடுகிற கோடு. ரிங்குக்கு நேர் கீழே ஆணி அடித்து, அளந்து வைத்த கயிற்றைக் கட்டி, சுற்றி வந்து போடுவேன். எப்படிக் குறையும்? போ பாப்பா, போய் ஆடு என்றேன்.

மறுநாள் அம்மாவின் தையல் டேப்பைக் கொண்டுவந்தாள். ஒன்றரை மீட்டர் டேப். நாலரை தடவை வைத்தால் சரியான தூரம். தரையில் முட்டி போட்டு வைத்து வைத்து நகர்ந்தாள். ஒரு சாண் குறைந்தது. பிறகுதான் கயிற்றைப் பார்த்தேன். முந்திய வருஷம் அறுந்துபோனதை நானே முடிச்சுப் போட்டிருந்தேன். முடிச்சு ஒரு சாணைத் தின்றுவிட்டது. எனக்குத் தோன்றவே இல்லை.

கோடு உள்ளே இருந்தால் அவளுக்குத்தான் லாபம். தூரத்தில் இருந்து எறிகிறவள் அவள் ஒருத்திதான். அதைச் சொன்னேன்.

"லாபமா இருந்தா என்னண்ணே, அது சரியான அளவு இல்லைல" என்றாள்.

பெயிண்டைச் சுரண்டிவிட்டுத் திரும்பப் போட்டேன். எனக்கு முழுசாக ஒரு நாள் வேலை. அன்றைக்கு அவளைத் திட்டிக்கொண்டேதான் போட்டேன்.

பையன்கள் டீமோடு ஒருமுறை பந்தயம். அவள் பாதிக் கோட்டில் இருந்து எறிந்து போட்டால் பெண்கள் எல்லோருக்கும் பையன்கள் டீ வாங்கித் தர வேண்டும். முதல் பந்தே விழுந்தது. குருட்டு அடி என்று ஒருவன் சிரித்தான். அவளுக்கு முகம் கறுத்துவிட்டது. இன்னும் ஒன்பது எறிந்தாள். அதில் இரண்டு விழுந்தது. தோள் வலித்திருக்கும், தேய்த்துக்கொண்டே வந்து அவர்கள் முன்னால் நின்றாள். பத்துக்கு மூன்று, ஏழு போகவில்லை, எங்கே போய்ப் பேசினாலும் ஏழையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். டீ குடிக்க நிற்கவில்லை. ஜெயித்தவள் மாதிரியே இல்லை.

இப்படி ஒரு ஆளோடு பழகுவது லேசு இல்லை. கூட ஆடுகிறவர்களுக்கே அவளைப் பிடிக்காது. ஆனாலும் கேப்டன் ஆக்கினார்கள். ரெஃப்ரியிடம் எதிர்த்துப் பேச ஆள் வேண்டுமே.

அதுவும் நடந்தது, தலைகீழாக நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மேட்ச். பந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். கோட்டில் இருந்து எறிந்தாள், விழுந்தது. ரெஃப்ரி மூன்று விரலைக் காட்டினார். அவள் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தி, கட்டைவிரல் கோட்டில் பட்டது சார், ரெண்டுதான் என்றாள். ரெஃப்ரிக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் இரண்டாக எழுதினார். ஒரு பாயிண்டில் எப்படியோ ஜெயித்தோம்.

பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஒன்ட்ட யாரு கேட்டா? ரெஃப்ரியே பாக்கல."

"நான் பாத்தேன்ல."

"பெரிய அரிச்சந்திரி."

பால்கோவா வாங்கிப் பிரித்தார்கள். அவளுக்குக் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. எதிர்க் கடைக்குப் போய்த் தனியாக வாங்கி வந்து, இலையோடு பிய்த்துப் பாதியை எனக்குக் கொடுத்தாள். இரண்டு பேரும் நின்றுகொண்டே தின்றோம். 

ஆபீஸில் ஹெட்கிளார்க் ஒருவர் இருந்தார். இருபது வருஷமாக எல்லா மேட்சுக்கும் டைம் பார்க்கிறவர் அவர்தான். ஸ்டாப்வாட்சை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். பஸ் பாஸ் ஃபாரத்தில் சீல் வைக்க அவளை மூன்று நாள் அலைய விட்டார். நாலாம் நாள் பிரின்ஸ்பால் வராந்தாவில் வந்து, ஹெட்கிளார்க் எங்கே என்று கேட்டார். டீக்குப் போயிருக்கிறார் என்று பக்கத்துச் சீட்டில் சொன்னார்கள். அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். இல்லை சார், வீட்டுக்குப் போய்விட்டார், பதினொரு மணிக்கே போய்விட்டார் என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் சீல் விழுந்தது. அவர் அதை மறக்கவில்லை.

என் ஃபைலும் அவர் மேசையில்தான் இருந்தது. தினக்கூலியை நிரந்தரமாக்குகிற ஃபைல். நிரந்தரம் என்றால் பெண் தருகிறோம் என்று ஒரு வீட்டில் சொல்லியிருந்தார்கள். அதனால் அவரைப் பார்த்தால் எழுந்து நிற்பேன். உட்கார் என்று சொல்ல மாட்டார். நின்றுகொண்டே இருப்பேன்.

ஸோன் ஃபைனல் எங்கள் கோர்ட்டில் வந்தது. எதிரே மதுரை டீம். ரெண்டு மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது. சிறப்பு விருந்தினர் வரவில்லை. பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். அந்த ஆள் சாவகாசமாக வந்து, மாலையும் சால்வையும் வாங்கி, விளையாட்டால் ஒழுக்கம் வளரும் என்று பேசினார். இன்றைக்கும் சால்வையோடு ஒரு ஆளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அவர் நேரத்துக்கு வந்திருந்தால் மேட்ச் நாலு மணிக்கு முன்னாலேயே முடிந்திருக்கும்.

நாலு மணிக்கு மில் சங்கு ஊதும். ஷிப்ட் சங்கு. இப்போது ஊதுவதில்லை, அப்போது ஊதிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் மில் வீடு. சங்கு ஊதினால் கைவேலையை விட்டுவிட்டு நிமிர்வது பிறந்ததில் இருந்து பழக்கம். ஹெட்கிளார்க் அப்பாவும் மில்லில் இருந்தவர். ஆபீஸில் நாலு மணிச் சங்குக்கு, எழுதுகிற எழுத்தைப் பாதியில் விட்டுப் பேனாவை மூடுவார். நானே பார்த்திருக்கிறேன்.

வாடகைக்கு எடுக்கிற ஹூட்டர் அன்றைக்கு வரவில்லை. டைம் முடிந்தால் ஹெட்கிளார்க் விசில் ஊதுவதாக ஏற்பாடு. நான் பக்கத்தில் அட்டையோடு உட்கார்ந்திருந்தேன். கடைசி கால்வாசி ஆட்டம், அதன் பத்து நிமிஷமும் முடியப்போகிற நேரம். மதுரை ஐம்பத்து மூன்று. நாங்கள் ஐம்பத்து ஒன்று. பந்து அவள் கைக்கு வந்தது. பாதிக் கோட்டுக்கு இரண்டு எட்டு பின்னால், எங்கள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

சங்கு ஊதியது.

எங்கள் பெண்கள் நாலு பேரும் நின்றுவிட்டார்கள். ஒருத்தி இடுப்பில் கை வைத்துவிட்டாள். அதைப் பார்த்து மதுரைப் பிள்ளைகளும் நின்றார்கள். அவள் மட்டும் டேபிளைப் பார்த்தாள். ஹெட்கிளார்க் வாயில் விசில் இல்லை. அவள் உதடு அசைந்தது. எறிந்தாள்.

அவ்வளவு உயரம் ஒரு பந்து போய் நான் பார்த்ததில்லை. போர்டில் படவில்லை. ரிங்கின் இரும்பில்கூடப் படவில்லை. நேராக உள்ளே விழுந்தது. அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அட்டையைத் திருப்பினேன். ஐம்பத்து நாலு.

அதற்குப் பிறகுதான், சங்கு ஓய்வதற்குள், பக்கத்தில் விசில் சத்தம் கேட்டது. திரும்பினேன். ஹெட்கிளார்க் கையில் வாட்ச் நின்றிருந்தது. ஒன்பது நிமிஷம் ஐம்பத்தாறு செகண்ட். நின்று போயிருந்தது. சங்குக்கு அவர் கட்டைவிரல் அமுக்கிவிட்டது. பேனாவை மூடுகிற மாதிரி. அவர் அதைப் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். விரல் இன்னொரு பொத்தானுக்குப் போனது. எல்லாம் பூஜ்யம் ஆகிவிட்டது.

ரெஃப்ரி திருநெல்வேலிக்காரர். டேபிளுக்கு வந்து, பந்து கையை விட்டபோது டைம் இருந்ததா என்று கேட்டார். ஹெட்கிளார்க், டைம் முதலிலேயே முடிந்துவிட்டது, விசில் ஊதினேன், சங்குச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை என்றார்.  மதுரைக்காரர்களிடம் அவர் எதுவும் வாங்கவில்லை. சத்தியமாக வாங்கவில்லை. இருபது வருஷம் டைம் பார்த்தவர் மில் சங்குக்கு வாட்சை நிறுத்தினார் என்று ஊர் சிரிக்குமே, அதற்காகத்தான். வாங்கியிருந்தாலாவது எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது.

திருப்பிய அட்டையை நானே திரும்பத் திருப்பினேன். ஐம்பத்து ஒன்று.

ஆட்சேபம் இருந்தால் கேப்டன் கையெழுத்துப் போட ஸ்கோர் ஷீட்டில் ஒரு கட்டம் உண்டு. போட்டால் மேலே விசாரிப்பார்கள். ரெஃப்ரி அதைக் காட்டினார். அவள் பேனாவை எடுத்தாள். போடவில்லை. என் பக்கம் வந்தாள். வேர்வை தாடையில் சொட்டியது.

"அண்ணே, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க. வாட்ச்ல எம்புட்டு இருந்துச்சு?"

ஹெட்கிளார்க் திரும்பாமலே, "அவன் அட்டை திருப்புறவன்மா. அவனுக்கு என்ன தெரியும்" என்றார்.

"அவிய சொல்லட்டும் சார்" என்றாள்.

அந்த நேரத்திலும் என்னை 'அவிய' என்று மரியாதையாகச் சொன்னாள். அந்த டேபிளில் என்னை அப்படிச் சொன்னது அவள் ஒருத்திதான்.

"நான் கவனிக்கலம்மா" என்றேன்.

 பேனாவை மூடி ஷீட்டின் மேல் வைத்தாள். பின்னால் இருந்து ஒருத்தி, போடுட்டி, நடக்கிறது நடக்கட்டும் என்று கத்தினாள். பார்த்தவர்கள் ஒருத்தர்கூட இல்லாமல் அவர் சொல்வது பொய் என்று நான் எப்படி எழுத, என்று அவள் பதில் சொன்னாள். அவ்வளவுதான். மேட்ச் முடிந்தது.

திங்கட்கிழமை ஜெர்சியைத் துவைத்து, தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நான்தான் வாங்கி பீரோவில் வைத்தேன். எண்ணிக்கொள்ளுங்கள் என்றாள். மேல் சட்டை ஒன்று, கீழே ஒன்று. அந்த வருஷம் முடிந்ததும் வரவில்லை.

எனக்கு நிரந்தரம் ஆனது. ஆர்டரை ஹெட்கிளார்க் தன் கையால் கொடுத்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, உட்காருலே என்றார். உட்கார்ந்தேன். அந்தச் சேரில் நான் உட்கார்ந்ததை நினைத்தால் இப்போதும் என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

ஆர்டர் வந்த மறு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தளவாய்புரம் போனேன். ஒரு நீள ஷெட். ஆறேழு மெஷின். அவள் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பூப்போட்ட துணி மலையாகக் குவிந்திருந்தது. யார் இது என்று அவள் அம்மா கேட்டார். காலேஜில் இருந்து என்று மட்டும் சொன்னாள். உட்காரச் சொல்லவில்லை.

"அன்னைக்கு நாலு செகண்ட் இருந்துச்சு. நான் பாத்தேன்" என்றேன்.

மெஷினை நிறுத்தினாள்.

"நாலா? நான் மூணுன்னு எண்ணுனேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியவில்லை, அவள் மேல் காட்டினேன். எண்ணியிருந்தாய் அல்லவா, அப்புறம் ஏன் கையெழுத்துப் போடவில்லை, என் ஒருத்தன் வாயை நம்பியா உன் படிப்பு இருந்தது என்று சத்தம் போட்டேன். மற்ற மெஷின்களும் நின்றன. அவள் துணியில் தொங்கிய நூலை வெட்டினாள்.

"ஆமா. ஒங்க வாயை நம்பித்தான் இருந்துச்சு" என்றாள். "இப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

"சொன்னா வேலை போயிரும்."

"எனக்குக் காலேஜ் போச்சுல்ல."

மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.

நாலு நாள் வழக்கம்போலக் கிரவுண்டைக் கூட்டினேன். ஐந்தாம் நாள் பிரின்ஸ்பால் ரூமுக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். வாட்ச், சங்கு, கட்டைவிரல், எல்லாம். சொல்ல மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். அவர் பெல் அடித்து ஹெட்கிளார்க்கைக் கூப்பிட்டார். அன்றைக்கே இவனைக் கேட்டார்கள் சார், கவனிக்கவில்லை என்றான், இப்போது யார் தூண்டிவிட்டார்களோ என்றார் ஹெட்கிளார்க். பிரின்ஸ்பால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரிசல்ட் எப்போதோ மேலே போய்விட்டது, பழசைக் கிளறாதே, போய் வேலையைப் பார் என்றார்.

மெமோ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மாசம் முடிந்து சம்பளமும் வந்தது. ஹெட்கிளார்க் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவ்வளவுதான். மற்றபடி ஒரு குண்டூசிகூட இடம் மாறவில்லை.

திரும்பவும் தளவாய்புரம் போனேன். மத்தியானம். அவள் வாசலில் நின்று சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

"யார்ட்ட?"

"பிரின்ஸ்பால்ட்ட. ஹெட்கிளார்க்கையும் கூப்பிட்டு வச்சுக்கிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"போய் வேலையப் பாருன்னாரு."

தூக்கில் இருந்த தண்ணீரைத் தெருவில் கொட்டினாள்.

"வேலை போச்சா?"

"போகல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

"பொறவு எதுக்குண்ணே அன்னைக்குப் பயந்தீங்க?"

 அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். உள்ளே இருந்து அவள் அம்மா கூப்பிட்டார். அவள் தூக்கைக் கவிழ்த்து உதறினாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள்.